கரண்ட் போய் வரும் ஊரில் பழைய லேப்டாப்: ரங்கூன்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பகலில் நான் ஒரு பருப்பு ஏற்றுமதி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் ஆனால் வீட்டு மேஜையில் யாருடைய லேப்டாப்பாவது வயிறு திறந்து கிடக்கும். தொழில் இல்லை, பழக்கம். சொந்தக்காரர்கள், ஆபீஸ் பையன்கள், கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுப்பவர்கள் என்று எல்லோரும் கடைக்குப் போவதற்கு முந்தின நாள் ராத்திரி போன் செய்வார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். விலை மட்டும் எழுதவில்லை. இன்று எழுதும் கியாட் கணக்கு அடுத்த மாதம் பொய்யாகிவிடும்.

அதே காசுக்குப் புதுசே கிடைக்கிறதே, எதற்குப் பழசு?

கிடைக்கும். ஆனால் அந்தக் காசுக்கு வரும் புதுசில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கும், ஸ்டோரேஜும் பல சமயம் அப்படித்தான். ஒன்று போனால் மொத்தமும் போச்சு. பழசில் நான் சொல்வது வீட்டு ரகம் இல்லை, கம்பெனி ரகம்: லெனோவோ திங்க்பேட் டி வரிசை, டெல் லாட்டிடியூட், எச்பி எலைட்புக். வெளிநாட்டு ஆபீஸ்கள் இவற்றை மொத்தமாக வாங்கி, மூன்று நான்கு வருடத்தில் மொத்தமாக மாற்றிவிடும். அப்படிக் கழித்தவைதான் இங்கே ‘தபத்யிட்’ (பர்மியில் செகண்ட் ஹேண்ட்) என்று கடைக்கு வருகின்றன. அடியில் சில ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பேட்டரி, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் கைக்கு எட்டும். இந்த ஊரில் எதுவும் கெடாமல் இருக்காது. அதனால் வேகத்தை அப்புறம் பாருங்கள், முதலில் மூடி திறக்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு பழசு வரை வாங்கலாம்?

இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை. அதற்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கட்சி. ப்ராசஸர் பெயரில் கோட்டுக்குப் பிறகு வரும் முதல் எண்ணைப் பாருங்கள் (பத்தாம் தலைமுறையிலிருந்து முதல் இரண்டு எண்). ‘ஐ5-7200யு’ என்றால் ஏழாம் தலைமுறை, ‘ஐ5-8250யு’ என்றால் எட்டு. ஒரு எண்தானே வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது. 7200யு-வில் இரண்டு கோர், 8250யு-வில் நான்கு. மெல்லிய லேப்டாப்பில் போடும் ஐ5 இரண்டிலிருந்து நான்குக்குத் தாவியது அந்தத் தலைமுறையில்தான். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கும் பட்டியலும், ஓரிரு விதிவிலக்கைத் தவிர, அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மாடலாகச் சொல்வதென்றால் 2018-இல் வந்த திங்க்பேட் டி480, லாட்டிடியூட் 7490, எலைட்புக் 840 ஜி5. மூன்றிலும் ரேமுக்கு இரண்டு ஸ்லாட் உண்டு. என் ஓட்டு டி480-க்கு. அதில் பேட்டரி இரண்டு: ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. வெளியே இருப்பதைக் கழற்றி வேறொன்றை மாட்டும்வரை உள்ளே இருப்பது மெஷினைத் தாங்கிக்கொள்ளும், அணைக்கவே வேண்டாம். எட்டு மணி நேரம் கரண்ட் இல்லாத நாளில் இதன் அருமை தெரியும். அடுத்து வந்த டி490-இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். டி480எஸ் என்று ஒன்று இருக்கிறது, பெயர்தான் ஒன்று போல. அதில் வெளிப் பேட்டரி கிடையாது, ரேமில் பாதி போர்டிலேயே பற்றவைத்தது. கடைக்காரர் “ரெண்டும் ஒண்ணுதான்” என்பார், நம்பாதீர்கள்.

கடையில் என்னென்ன பார்க்க வேண்டும்?

போன வருடம் சித்தி மகனோடு ஒரு கடைக்குப் போனேன். அவன் முதல் வேலையாக மூடியைத் தடவிப் பார்த்து, “அண்ணே, கீறலே இல்லண்ணே” என்றான். கீறல் இல்லாததற்குக் காரணம் மேலே ஒட்டியிருந்த புது ஸ்டிக்கர். நான் கடைக்காரரிடம், “அக்கோ, சார்ஜரைக் கொஞ்சம் பிடுங்குங்க” என்று பர்மியில் சொன்னேன். திரையில் 100 சதவீதம். பேசிக்கொண்டே இருந்தோம். பதினோராவது நிமிடம் 64 காட்டிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்தது. கடைக்காரர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம், அடுத்த கடைக்குப் போனோம்.

ஆக, முதல் காரியம் சார்ஜரைப் பிடுங்குவது. கடையில் நிற்கும் நேரம் முழுக்கப் பேட்டரியிலேயே ஓடட்டும்.

இரண்டாவது, மெஷினை அணைத்துப் போட்டு பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் கிளம்பும் முன் வரும் அமைப்புத் திரைக்குள், போவது. லெனோவோவில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. பாஸ்வேர்ட் கேட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். “அதை எடுத்துத் தரேன்” என்பார்கள், எடுத்த பிறகு கூப்பிடச் சொல்லுங்கள். மூன்றாவது இதைவிட முக்கியம், பலருக்குத் தெரியாது. சில மெஷின்கள் பழைய கம்பெனியின் பதிவிலிருந்து நீக்கப்படாமலே விற்பனைக்கு வந்துவிடும். கடையில் நன்றாகத்தான் ஓடும். நீங்கள் வீட்டில் விண்டோஸைப் புதிதாகப் போட்டு வைஃபையை இணைத்ததும், ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி அங்கே வேலை செய்பவரின் மெயில் ஐடி கேட்கும். அதனால் கடையிலேயே, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து, ரீசெட் செய்து காட்டச் சொல்லுங்கள். முக்கால் மணி நேரம் ஆகும். டீ குடித்துவிட்டு வரலாம். மேக்புக்கிலும் இதே கதை உண்டு, பழைய சொந்தக்காரரின் ஆப்பிள் கணக்கு நீங்கியிருக்க வேண்டும்.

மற்றதெல்லாம் கண்ணும் கையும்தான். நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு கீயையும் தட்டுங்கள். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து திரையில் மஞ்சள் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மூடியை ஒரு கையால் திறந்து மூடுங்கள், கீல் பக்கம் ‘நெறநெற’ என்றால் வேண்டாம். எல்லா யுஎஸ்பி துளையிலும் ஒரு பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தைப் பார்க்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் எடுத்துப் போங்கள். ஆரோக்கியம் சதவீதத்திலும், இதுவரை ஓடிய மணி நேரம் எண்ணிலும் வரும். “ஒரு வருஷம்தான் யூஸ் பண்ணது” என்பவரிடம் அந்த எண்ணைக் காட்டலாம்.

பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று எப்படித் தெரியும்?

விண்டோஸ் தானே சொல்லும். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து பி-ஓ-டபிள்யூ-இ-ஆர்-சி-எஃப்-ஜி என்று சேர்த்து அடியுங்கள். ஓர் இடைவெளி விட்டு, வலப்பக்கம் சாய்ந்த கோடு ஒன்று, அதை ஒட்டி ‘பேட்டரி ரிப்போர்ட்’ என்பதை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல். என்டர் தட்டினால் ஒரு கோப்பு உருவாகும். அதில் இரண்டு எண் முக்கியம்: பேட்டரி பிறந்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவு. 50,000-க்கு 40,000 இருந்தால் நல்ல பேட்டரி. 25,000 என்றால் மாற்றும் செலவைக் கழித்துப் பேரம் பேசுங்கள். பழைய மெஷினில் இரண்டும் ஒன்றாக, நூற்றுக்கு நூறு இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், யோசியுங்கள். புதுப் பேட்டரி போட்டிருக்கலாம், அல்லது மலிவான டூப்ளிகேட் தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்ளலாம். பதினோரு நிமிட சோதனை அதற்குத்தான்.

கரண்ட் போய்ப் போய் வருகிறதே, லேப்டாப் கெட்டுவிடாதா?

கரண்ட் போவதால் கெடாது. வருவதால் கெடும்.

“மீ லா பீ!” (கரண்ட் வந்தாச்சு!) என்று தெருவே கத்துமே, அந்த நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். கட்டடம் முழுக்க ஃபிரிஜ், தண்ணி மோட்டார், ஏசி எல்லாம் ஒரே மூச்சில் கிளம்புகின்றன. வோல்டேஜ் பள்ளத்தில் விழுந்து எழுந்து ஆடி அப்புறம்தான் நிலைக்கு வரும். சில சமயம் வந்த கரண்ட் பத்து வினாடியில் திரும்பப் போய், மறுபடி வரும். லேப்டாப் சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். ஆகவே இங்கே 230-க்குப் பதில் 170 வந்தாலும் அது அலட்டிக்கொள்ளாது. தாங்காதது மேல்பக்கம் எகிறும் அடி. அது முதலில் சார்ஜரைத்தான் கொல்லும், பல சமயம் சார்ஜரோடு நின்றுவிடும். நிற்காத நாளில் மதர்போர்டு.

செய்ய வேண்டியது சுலபம்: கரண்ட் போனதும் ப்ளக்கைப் பிடுங்குங்கள், வந்த பிறகு ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். எங்கள் வீட்டில் இது அம்மாவின் பொறுப்பு. ஃபிரிஜ், டிவி, என் சார்ஜர் மூன்றையும் பிடுங்கிவிட்டுத்தான் மெழுகுவத்தி தேடுவார். கட்டடத்து ஜெனரேட்டருக்கு மாறும்போதும் இதே விதி.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அது சைன் வேவ் ரகமா என்று பாருங்கள். மலிவான சதுர அலை ரகத்தில் சார்ஜர் ‘உய்ய்’ என்று முனகும், தொட்டால் சுடும். உடனே எரிந்துவிடாது, ஆனால் ஆயுள் குறையும்.

ஒரு தவறான பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். “பேட்டரி கெட்டுடுமேன்னு கழட்டி வெச்சிட்டு நேரா கரண்ட்லயே ஓட்டுறேன்” என்று பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சீரான கரண்ட் உள்ள ஊரில் அது ஒரு வாதம். இங்கே கரண்ட் போன கணமே மெஷின் செத்து, எழுதிக்கொண்டிருந்த கோப்பு போய், சமயத்தில் விண்டோஸே எழுந்திருக்காது. பேட்டரியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி அமைத்துவிடுங்கள். லெனோவோ, டெல் இரண்டின் சொந்த மென்பொருளிலும் அந்த வசதி இருக்கிறது. ஆனால் கட் அதிகமான மாதத்தில் நானே அதை நூறுக்கு மாற்றிவிடுவேன். பேட்டரி இரண்டு வருடம் முன்னால் சாகட்டும், மாதக் கடைசிக் கணக்கு முடியட்டும்.

பவர் பேங்க்கில் லேப்டாப் ஓடுமா?

டைப்-சி துளை வழியாகச் சார்ஜ் ஏறும் மெஷின் என்றால் ஓடும். டி480, 7490, 840 ஜி5 மூன்றும் ஏற்றுக்கொள்ளும் ரகம். (7490-இல் சில கம்பெனி ஆர்டர்கள் வேறுபடலாம், செருகிப் பார்த்துவிடுங்கள்.) போனுக்கு வாங்கிய பவர் பேங்க் போதாது, 45 அல்லது 65 வாட் ‘பிடி’ (பவர் டெலிவரி) என்று போட்டிருக்க வேண்டும்.

கணக்கு இது: 20,000 எம்ஏஎச்சை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி. வழியில் வீணாவது போக 60 கைக்கு வரும் என்று வையுங்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்து டைப் மட்டும் அடித்தால் இந்த மெஷின்கள் 10 வாட் அளவில்தான் தின்னும். ஆறு மணி நேரம். வீடியோ கால் என்றால் அதில் பாதி.

சார்ஜர் தொலைந்துவிட்டது, ஏதாவது ஒன்று வாங்கலாமா?

வோல்ட் அதே இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அல்லது கூடுதல். முனை பொருந்துகிறதே என்று செருகக் கூடாது. டெல்லில் முனையின் நடுவே ஊசி போல ஒன்று இருக்கும், அது வழியாக மெஷின் சார்ஜரை அடையாளம் பார்க்கிறது. அடையாளம் தெரியவில்லை என்றால் மெஷின் ஓடும், பேட்டரி ஏறாது, வேகமும் குறைந்துவிடும். “லேப்டாப் ஸ்லோ ஆயிடுச்சு” என்று என்னிடம் வந்த ஒரு லாட்டிடியூடுக்கு வியாதியே இதுதான்.

ஜப்பானிலிருந்து வரும் மெஷினில் இன்னொரு விஷயம். சார்ஜர் பெட்டியில் 100-240 என்றிருக்கும், ஆனால் சுவருக்குப் போகும் அந்தத் தட்டைப் பின் வயரில் 125 வோல்ட் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்த வயர் அவர்கள் ஊருக்கானது. பெட்டியை வைத்துக்கொண்டு வயரை மட்டும் 250 வோல்ட் ரகத்துக்கு மாற்றுங்கள்.

ஜப்பான் கீபோர்டு பழகுமா?

ஸ்பேஸ் பார் குட்டையாக இருக்கும், பி-க்குப் பக்கத்தில் மெயிலில் போடும் ‘அட்’ குறி வந்துவிடும். நாலு நாள் திட்டிக்கொண்டே அடிப்பீர்கள், அப்புறம் பழகிவிடும். விலை குறைவாக இருந்தால் வாங்கலாம்.

லேப்டாப்பைத் தொட்டால் விரலில் சுருசுரு என்கிறது. ஷாக் அடிக்குமா?

அலுமினிய உடம்புள்ள மெஷினில், ரெண்டு பின் ப்ளக்கில், செருப்பில்லாமல் சிமென்ட் தரையில் உட்கார்ந்து மணிக்கட்டின் உள்பக்கத்தால் தடவினால் இது தெரியும். எறும்பு ஊர்வது போல இருக்கும். சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டும் கப்பாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறிய கரண்ட் அது. எர்த் இருந்தால் தரைக்குப் போய்விடும். நகரத்துப் பழைய கட்டடங்களில் சுவரில் மூன்று துளை இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. சுருசுரு என்பதோடு நின்றால் ஆபத்தில்லை. சுள்ளென்று இழுத்தால் அந்தச் சார்ஜரைத் தூக்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ரேம் எவ்வளவு?

8 ஜிபி போதும், 16 சுகம். ஆனால் மெஷினில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதல் காசை எஸ்எஸ்டிக்குப் போடுங்கள்.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்கிறார்களே?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவான ஆதரவு நின்றது. எட்டாம் தலைமுறை மெஷின் என்றால் 11 போட்டுக்கொள்ளலாம். அதற்குக் கீழே உள்ளதை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா, சரி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போடுங்கள். அதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை புதுப்பிப்பு வரும். தமிழ்99 விசைப்பலகையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். தமிழ் வகுப்புக்காக இரண்டு பழைய மெஷினில் போட்டுக் கொடுத்தேன், வாத்தியாரம்மா வினாத்தாள் எல்லாம் அதில்தான் அடிக்கிறார். டாலியில் கணக்கு எழுதுபவர்கள் மட்டும் விண்டோஸை விட முடியாது. நானும் அந்தக் கட்சிதான்.

பர்மிய எழுத்து குழம்பித் தெரிந்தால் மெஷின் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பழைய சொந்தக்காரர் யூனிகோடு முறையில் சேராத சாஜி எழுத்துரு போட்டு வைத்திருப்பார். நாடு 2019 அக்டோபர் 1-ஆம் தேதி யூனிகோடுக்கு மாறிவிட்டது. சாஜியை நீக்கிவிட்டுப் பிடௌன்சு எழுத்துரு போட்டால் சரியாகும்.

மழைக்காலத்தில் எப்படி வைத்துக்கொள்வது?

மே முதல் அக்டோபர் வரை இந்த ஊரில் தோல் செருப்பே பூஞ்சை பிடிக்கிறது, லேப்டாப்புக்கு மட்டும் என்ன. தினமும் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், அந்தச் சூடே உள்ளே ஈரத்தை விரட்டும். பையில் போட்டு அலமாரியில் பூட்டி வைப்பதுதான் கெடுதல். ஏசி ஆபீஸிலிருந்து வெளியே வந்ததும் திறக்காதீர்கள். கண்ணாடி போட்டவர்களுக்குத் தெரியும், வெளியே கால் வைத்ததும் கண்ணாடி வேர்க்கும். மெஷினுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. பையிலேயே அரை மணி நேரம் இருக்கட்டும்.

டீ கொட்டிவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், வெளிப் பேட்டரியைக் கழற்றுங்கள், கூடாரம் போலக் கவிழ்த்து வையுங்கள். அரிசி மூட்டைக்குள் புதைக்காதீர்கள். ஈரம் போகாது, ஃபேனுக்குள் தவிடுதான் போகும். நம் டீக்கடை டீயில் டீயை விட கண்டென்ஸ்டு மில்க் அதிகம். காய்ந்த பிறகும் பாலும் சர்க்கரையும் போர்டில் பிசின் மாதிரி நிற்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும்.

ஃபேன் சத்தமாக ஓடுகிறது, மெஷின் சுடுகிறது.

வருடத்துக்கு ஒரு முறை திறந்து தூசி எடுங்கள். காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டற்றுச் சுழன்றால் பேரிங் போய்விடும். ஏழெட்டு வயதான மெஷினில் ப்ராசஸர் மேல் இருக்கும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பு போலக் காய்ந்திருக்கும், சுரண்டிவிட்டுப் புதுசு வையுங்கள்.

திறந்தால் யார் வீட்டு மெஷின் என்று எனக்குச் சொல்லத் தெரியும். கீ இடுக்கில் வெளிர்மஞ்சளாக, இங்கே முகத்தில் பூசும் தனாக்கா பொடி இருந்தால் அது காலேஜ் போகும் பெண்ணுடையது. ஃபேன் கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தால் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மெஷின். சாம்பிராணிப் புகையில் பிசின் உண்டு, தூசி அதில் ஒட்டினால் ஊதி எடுக்க முடியாது. சாமியை நகர்த்த முடியாது, லேப்டாப்பை நகர்த்தலாமே.

திடீரென்று எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை, ‘பாதுகாப்பில்லை’ என்கிறது.

மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் உள்ளே இருக்கும் காசு பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பானால் வெப்சைட்டின் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும், பிரவுசர் மறுத்துவிடும். பெரும்பாலும் சிஆர்2032 தான், வாட்ச் கடையில் கிடைக்கும். லேப்டாப்பில் அதற்குச் சின்ன வயரும் ப்ளக்கும் சேர்ந்திருக்கும் என்பதால் பழையதை எடுத்துப்போய்க் காட்டி வாங்குங்கள். முகல் தெரு என்று பெரியவர்கள் இன்னும் சொல்லும் ஷ்வேபொந்தா தெருவில் நான் ஒரு முறை வாட்ச் ரிப்பேர்க்காரரிடமே வயரை மாற்றிப் பற்றவைத்து வாங்கினேன். மெஷின் விலையைக் கேட்டுவிட்டு, அவர் என் பழைய கைக்கடிகாரத்தையும் சேர்த்து விலை பேசினார்.

டச்பேட் மேலே எழும்பி நிற்கிறது, அழுத்தினால் கிளிக் ஆகவில்லை.

டச்பேடில் கோளாறில்லை, கீழே பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி உட்கார வைக்கப் பார்க்காதீர்கள். கழற்றத் தெரிந்தால் கத்தி, ஸ்க்ரூடிரைவர் முனை எதுவும் படாமல் பிளாஸ்டிக் அட்டையால் மெதுவாகத் தூக்குங்கள். தெரியாவிட்டால் மெஷினோடு கடைக்குக் கொண்டுபோங்கள். எடுத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. நான் பிஸ்கட் டின்னில் மணலைப் போட்டு அதில் வைத்து, பால்கனியில் மழை படாத மூலையில் விட்டு, புதுப் பேட்டரி வாங்கப் போகும்போது அந்தக் கடையிலேயே கொடுத்துவிடுகிறேன். டின்னின் மேல் தமிழிலும் பர்மியிலும் ‘பிஸ்கட் இல்லை’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.